நிறம் நோயாகுமா?

மனித உடலில் எது இயல்பு, எது குறை என்று வகுக்கும் பொறுப்பு யாருடையது என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக வாதித்துவரும் கேள்வி. தோலை வெளிறச் செய்யும் முகப்பூச்சுகளைப் பற்றிய பேச்சில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இது பலன் தருமா, இதனால் கெடுதல் உண்டா என்ற இரண்டு மட்டுமே கேட்கப்பட்டு, இரண்டும் வேதியியலாளரும் மருத்துவரும் விடை சொல்ல வேண்டியவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இப்பொருள்கள் இயங்கும் விதத்தையும் அவற்றால் நேர்ந்த கேடுகளையும் ஊன்றிப் பார்த்தால், நிறம் நோயா இயல்பா என்பதை முதலில் தீர்மானிக்காமல் பாதுகாப்பைப் பற்றிய எந்த விடையும் முழுமை பெறாது என்பது புலப்படும்.

மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இடையிடையே அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் கிளை போன்ற நீட்சிகளால் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 மேல்தோல் செல்களைத் தொட்டுக்கொண்டு, மெலனின் என்னும் நிறமியை மெலனோசோம் எனப்படும் நுண்பைகளில் நிரப்பி அவற்றுக்கு வழங்குகிறது. நிறமியைப் பெற்ற செல், அதைத் தன் உட்கருவின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சூரியனின் புற ஊதாக் கதிர் மரபுப் பொருளைச் சிதைக்காமல் காத்துக்கொள்கிறது. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. நுண்பைகளின் அளவும், அவை தனித்தனியே பரவிக் கிடக்கின்றனவா கொத்தாகச் சேர்ந்து விரைவில் சிதைகின்றனவா என்பதும், கருநிற மெலனினுக்கும் செம்மஞ்சள் நிற மெலனினுக்கும் இடையிலான விகிதமுமே வேறுபடுகின்றன. கடுமையான வெயிலில் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து அழியாமல் இருக்கவும், வெயில் குறைந்த இடங்களில் வைட்டமின் டி போதிய அளவு உருவாகவும் ஏற்றவாறு மனிதத் தோலின் நிறம் நிலநேர்க்கோட்டை ஒட்டி மாறி வந்தது என்று நீனா யப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அவ்வகையில் கருநிறம் ஒரு பணியைச் செய்கிறது. அதுவும் நன்றாகச் செய்கிறது.

மெலனின் உருவாகும் பாதையில் முதன்மையானது டைரோசினேஸ் என்னும் நொதி. நொதி என்பது உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். இந்த நொதியின் மையத்தில் தாமிர அணுக்கள் இருக்கின்றன, அவையின்றி அது இயங்காது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை டோபாவாகவும், டோபாவை டோபாகுவினோனாகவும் இது மாற்றித் தருகிறது. பின்னர் பல படிகளைக் கடந்து நிறமி உருவாகிறது. சிவப்பழகு க்ரீம் என்று மக்கள் அழைக்கும் பூச்சுகளில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை இப்பாதையின் ஏதோ ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. அரிசியையும் சோயாவையும் நொதிக்கவைக்க ஜப்பானியர் பயன்படுத்தும் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் கோஜிக் அமிலம், நொதியின் தாமிரத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது. கரடிப்பழச் செடியின் இலையில் உள்ள அர்பியூட்டின், சர்க்கரை மூலக்கூற்றோடு பிணைந்த ஹைட்ரோகுவினோன் என்னும் வெளுப்புப் பொருளே ஆகும். அது மெல்ல இயங்குகிறது. அதிமதுர வேரின் கிளாப்ரிடின் நொதியைத் தடுக்கிறது. வைட்டமின் சி, டோபாகுவினோனை மீண்டும் டோபாவாகவே திருப்பிவிடுகிறது. வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு நிறமி உருவாவதைத் தடுப்பதில்லை; நுண்பைகள் நிறமிச் செல்லிலிருந்து மேல்தோல் செல்லுக்குச் செல்வதைக் குறைக்கிறது, ஆகவே இவ்வரிசையில் மென்மையானவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அசெலாயிக் அமிலத்தின் கதை தனியானது: தேமலை உண்டாக்கும் பூஞ்சை படர்ந்த இடத்தில் தோல் ஏன் வெளிறிப்போகிறது என்று ஆராய்ந்தவர்கள், அப்பூஞ்சையோடு தொடர்புடைய இந்த அமிலம் டைரோசினேஸைத் தடுப்பதைக் கண்டு, பின்னர் அதையே மருந்தாக்கினர்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. கர்ப்பகாலத்தில் கன்னத்தில் படரும் மங்கு என்னும் கருந்திட்டையும், பரு ஆறிய இடத்தில் தங்கும் கருந்தழும்பையும், தாய் தந்தையரிடமிருந்து வந்த மாநிறத்தையும் அம்மூலக்கூறுகளால் வேறுபடுத்தி அறிய இயலாது. மூன்றிலும் அவை எதிர்கொள்வது ஒரே நொதியை, ஒரே நிறமியை. எதை நீக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற தீர்ப்பை மனிதன்தான் வழங்குகிறான்.

இதற்கு மோனோபென்சோனைவிடத் தெளிவான சான்று இல்லை. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தோல் பதனிடும் ஆலையொன்றில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளர் பலரின் கைகளிலும் முன்கைகளிலும் நிறம் முற்றாக அழிந்து வெண்திட்டுகள் தோன்றின. அவர்கள் அணிந்திருந்த ரப்பர் கையுறை கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கப்பட்ட ஹைட்ரோகுவினோனின் மோனோபென்சைல் ஈத்தரே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. இப்பொருள் நிறமிச் செல்லுக்குள் நுழைந்ததும் டைரோசினேஸ் அதைத் தன் இயல்பான இரையாகக் கருதி வினைப்படுத்துகிறது. அவ்வாறு பிறக்கும் விளைபொருள் அச்செல்லையே கொன்றுவிடுகிறது. அத்தொழிலாளர்களுக்கு அது வேலையால் வந்த காயம். ஆனால் வெண்புள்ளி உடலின் பெரும்பகுதிக்குப் பரவி, எஞ்சிய கருந்திட்டுகளையும் நீக்கி ஒரே நிறம் பெற விரும்பும் நோயாளிக்கு அதே பொருள் 20 விழுக்காட்டுக் களிம்பாக, மீள முடியாத மாற்றம் என்பது விளக்கிச் சொல்லப்பட்ட பிறகு, மருந்தாகத் தரப்பட்டது. மூலக்கூறு ஒன்றே, ஒருவருக்குக் கேடாகவும் இன்னொருவருக்கு ஆறுதலாகவும் அதை ஆக்கியது பயன்படுத்தப்பட்ட சூழலும் பயன்படுத்தியவரின் இசைவும்.

அதே பாடத்தை ஜப்பான் 2013இல் மீண்டும் கற்க நேர்ந்தது. ரோடோடென்ட்ரால் என்னும் பொருள் 2008இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்று, கானெபோ நிறுவனத்தின் வெளுப்புப் பூச்சுகளில் சேர்க்கப்பட்டது. மருந்துக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் இடைப்பட்டதாக ஜப்பானியச் சட்டம் வகுத்துள்ள பிரிவில், சோதனைகளைக் கடந்தே அது சந்தைக்கு வந்தது. எனினும் பயன்படுத்தியவர்களுள் ஒரு பகுதியினருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் ஒழுங்கற்ற வெண்திட்டுகள் தோன்றின. 2013 ஜூலையில் நிறுவனம் அப்பொருள்களைத் திரும்பப் பெற்றபின் பாதிப்பைத் தெரிவித்தோரின் எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியது. பூச்சை நிறுத்தியதும் பலருக்கு நிறம் ஓரளவோ முழுமையாகவோ மீண்டது, சிலருக்கு மீளவில்லை. மோனோபென்சோனைப் போலவே இதையும் டைரோசினேஸ் நச்சுப் பொருளாக மாற்றியதே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. அரசு ஒப்புதல், புகழ்பெற்ற நிறுவனம், தரமான ஆலை ஆகிய மூன்றும் இருந்தும் இது நிகழ்ந்தது என்பதைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் மறக்கலாகாது.

பாதுகாப்பு என்பது பொருளின் குணம் மட்டுமன்று. அளவும் காலமும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன என்பது நச்சியலின் அடிப்படை. இங்கேதான் அறக்கேள்வி வேதியியலுக்குள் நுழைகிறது. நோய்க்கு முடிவு உண்டு: மங்கு மங்கியதும், தழும்பு தெளிந்ததும் மருந்து நிறுத்தப்படும். இயல்பை நோயாகக் கருதியவருக்கோ நிறுத்தும் இடமே இல்லை, ஏனெனில் பூச்சை விட்டதும் உடல் தன் நிறத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்புதலை மீண்டும் நோயாகக் கண்டு அவர் மேலும் பூசுகிறார், மேலும் வலிமையானதைத் தேடுகிறார். வெளுப்புப் பொருள்களின் பெருங்கேடுகள் மிகுதியும் இவ்வாறு முடிவற்று நீண்ட பயன்பாட்டிலிருந்தே பிறந்துள்ளன.

தென்னாப்பிரிக்காவின் வரலாறு இதை நிறுவுகிறது. தோல் மருத்துவர் சில மாதங்களுக்கு மட்டும் 2 முதல் 4 விழுக்காட்டு அளவில் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோன், நிறவெறி ஆட்சி நிலவிய அந்நாட்டில் கடைச்சரக்காக விற்கப்பட்டு, கறுப்பின மக்களால் கொளுத்தும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் பூசப்பட்டது. 1975இல் பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஃபின்ட்லேயும் உடன் பணியாற்றியோரும் அதன் விளைவை விவரித்தனர்: கன்னத்திலும் நெற்றியிலும் நீலங்கலந்த கருமை படர்ந்து, தோல் தடித்து, மணல்மணி போன்ற சிறு புடைப்புகள் எழுந்தன; உட்தோலில் காவிநிறப் படிவுகள் தங்கியிருந்தன. ஒக்ரோனோசிஸ் எனப்படும் இந்நிலைக்கு இன்றும் எளிதான மருத்துவமில்லை. வெளுக்கப் பூசியவர்கள் கறுத்ததைக் கண்டதும், வெளுப்பு போதவில்லை என்றெண்ணி அதே பூச்சைக் கூடுதலாகப் பூசிக் கேட்டைப் பெருக்கிக்கொண்டனர். மருத்துவர்களும் கறுப்புணர்வு இயக்கத்தினரும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக 1990இல் அந்நாடு இப்பூச்சுகளைத் தடைசெய்யும் விதிகளை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் ஒப்பனை வெளுப்புப் பூச்சுகளில் ஹைட்ரோகுவினோனை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 2020 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்க இயலாது.

பாதரசம் இதைவிடக் கொடியது. அது டைரோசினேஸின் தாமிரத்தை இடம்பெயர்த்து நொதியை முடக்குகிறது. தோலின் வழியே ஊடுருவி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் நுரை, கால்வீக்கம் முதலியவற்றோடு வந்தவர்களிடம் ஒரு பொதுக் கூறைக் கவனித்தனர். இரத்தத்தை வடிகட்டும் சவ்வு தடித்துப் புரதம் கசியும் அந்நோயில், பொதுவாக அரிதாகவே காணப்படும் நெல்-1 என்னும் புரதம் தொடர்பான வகை அவர்களிடம் மிகுந்திருந்தது. அவ்வகையினருள் பெரும்பாலோர் வெளுப்பு க்ரீம் பயன்படுத்தியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது. தாய் பூசுவதால் வீட்டிலுள்ள குழந்தையின் உடலிலும் பாதரசம் சேரக்கூடும். அக்குழந்தை எதையும் விரும்பவில்லை, எதற்கும் இசையவில்லை. 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட ஒப்பனைப் பொருள்களை 2020க்குள் ஒழிக்கக் கோரியது. 2023இல் கூடிய நாடுகள் அந்த ஒரு பங்கு விலக்கையும் நீக்கி 2025ஐக் கெடுவாக்கின. எல்லை கடந்து வரும் பெயரில்லாப் புட்டிகளில் அது இன்னும் விற்கப்படுகிறது.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளும் இவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. முதல் சில வாரங்களில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் பெருகி, நிறுத்தினால் எரிச்சல் பொறுக்காமல் மீண்டும் பூசத் தூண்டும். இந்திய அரசு 2018இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்குரிய பட்டியலில் சேர்த்தது. நிறத்துக்காகக் குளுட்டாதயோன் என்னும் பொருளை இரத்தநாளத்தில் ஊசியாக ஏற்றிக்கொள்வதற்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் 2011இலேயே எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே, நிறம் நோயா என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. நோய் என்பது ஓர் உறுப்பு தன் இனத்துக்குரிய இயல்பான பணியினின்று குன்றுவது என்று கிறிஸ்டோஃபர் பூர்ஸ் 1977இல் வரையறுத்தார். அவ்வளவுகோலின்படி மாநிறத்தோலில் குறையேதுமில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் ஜார்ஜ் காங்கிலெம் இயல்பையும் நோய்மையையும் பற்றி 1943இல் எழுதிய ஆய்வில், இயல்பு என்பது சராசரிக் கணக்கன்று, வாழும் உயிர் தன் சூழலோடு ஏற்படுத்திக்கொள்ளும் உறவே என்றார். இந்தப் பார்வை மேலும் ஆழமானது. அதே சமயம் ஓர் இடரையும் கொண்டுவருகிறது. சூழல் என்பது வெயிலும் காற்றும் மட்டுமன்று. மணமகள் தேவை விளம்பரத்தில் நிறத்தைக் கேட்கும் சமூகமும் சூழல்தான். அச்சமூகத்தில் நிறத்தின் பொருட்டுப் பெண்பார்க்க வந்தவர்களால் மீண்டும் மீண்டும் மறுக்கப்படும் பெண்ணின் துயரம் கற்பனையன்று. அதைத் தணிக்கும் என்று நம்பி அவள் வாங்கும் க்ரீமைப் பேதைமை என்று பழிப்பது நியாயமுமன்று. ஆயினும் துயரம் உண்மையானது என்பதனால் அதன் காரணம் அவள் தோலில் உள்ளது என்று ஆகிவிடாது. மறுப்பவர்களின் மனத்தில் உள்ள கேட்டுக்கு மறுக்கப்பட்டவளின் சிறுநீரகத்தைப் பணயமாக வைப்பது மருத்துவமாகாது.

சமயங்கள் இக்கேள்வியை வெவ்வேறு வழிகளில் அணுகியுள்ளன. குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 22ஆம் வசனம் மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. 4ஆம் அத்தியாயம் 119ஆம் வசனம் இறைவனின் படைப்பை மாற்றச் செய்வதைச் சாத்தானின் சூளுரையாகக் கூறுகிறது. இவற்றிலிருந்து இசுலாமியச் சட்ட அறிஞர் பலர், நோயையும் வடுவையும் நீக்குவது ஆகும், பிறவி நிறத்தை அழகுக்காக நிலையாக மாற்றுவது ஆகாது என்று பிரித்தனர். இப்பிரிவு, முடிவுள்ள சிகிச்சைக்கும் முடிவற்ற பயன்பாட்டுக்கும் இடையே மருத்துவம் காணும் பிரிவோடு பெரிதும் ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. தேரவாத பௌத்தம் துறவு பூணும் இளந்துறவிக்குத் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் தியானப் பொருளாக முதலில் தருகிறது. பிறர் கண்ணில் முதலில் படுவன எவையோ அவற்றிலேயே பற்று அறுக்கப்பட வேண்டும் என்பது கருத்து. எனினும் அதே மரபு பொன்னிறத் தோலை மாமனிதனின் 32 இலக்கணங்களுள் ஒன்றாக்கி, முற்பிறவியில் சினம் தவிர்த்ததன் பயன் அது என்றும் சொல்கிறது. நிறத்தை வினைப்பயனாகக் காணும் இவ்விளக்கம் கருநிறத்தாரைக் குற்றவாளிகளாக்க இடந்தருவதால், அதை மறுத்தே ஆக வேண்டும்.

தமிழ் மரபிலும் கருமையைத் தாழ்த்துவது, போற்றுவது என இரு போக்குகளும் உண்டு. மணிமேகலை எடுத்துரைக்கும் ஆசீவகக் கொள்கை உயிர்களைக் கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறாக வரிசைப்படுத்தி, வெண்பிறப்பையே வீட்டுக்கு அண்மையில் வைக்கிறது. சமணம் உயிரின் மனநிலைகளுக்குக் கருமை முதல் வெண்மை வரை ஆறு இலேசியைகளை வகுக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவத்தை இருள் என்கிறது. இவை பேசுவது உயிரின் நிலையையே அன்றித் தோலையன்று, ஆயினும் கருமையைத் தாழ்வோடு இணைக்கும் பழக்கத்துக்கு இவை துணைபோகவில்லை என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குத் தெய்வமாக நிறுத்துவது கருநிற மாயோனை. ஆழ்வார்கள் உருகியது கார்மேக வண்ணனிடம். தமிழகக் கோயில்களின் கருவறையில் எண்ணெய்க் காப்பேறிக் கறுத்து நிற்கும் மூலவர் திருமேனியை வெளுக்க வேண்டுமென்று எந்த அடியாரும் எண்ணியதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை. பிரிவால் அந்நிறம் வெளிறுவதே பசலை, அதுவே நோய். திருக்குறள் ஓர் அதிகாரம் முழுவதையும் அப்பசப்பின் துன்பத்துக்கு ஒதுக்கியது. நிறம் வெளிறுவதை நலமாகவும் நிறம் இருப்பதைக் குறையாகவும் கொள்ளும் இன்றைய எண்ணம், பழந்தமிழ்க் கவிதையின் அழகுணர்வுக்கு நேர் எதிரானது. அது தமிழருக்கு என்றென்றும் உரியதாக இருந்ததில்லை.

மங்கோ கருந்தழும்போ உள்ளவர் தோல் மருத்துவரை அணுகட்டும். எந்த மருந்தானாலும் எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்று கேட்கட்டும். வெயிலுக்குப் பாதுகாப்பின்றி எந்தச் சிகிச்சையும் நிலைக்காது என்பதை அறியட்டும். உள்ளடக்கப் பட்டியலும் உரிம எண்ணும் இல்லாத புட்டி வேண்டாம். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரி ஆகியவை பாதரசச் சேர்மங்களின் பெயர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது என்று அட்டையில் எழுதியிருப்பதும் பாதரசத்தின் அடையாளமே. அத்தகைய பூச்சை ஏற்கனவே பயன்படுத்தியவர்கள் உடனே நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாநிறத்தோடோ கருநிறத்தோடோ பிறந்த குழந்தைக்கு எந்த நோயும் இல்லை. அக்குழந்தையின் முகத்தில் எந்த வெளுப்புப் பூச்சையும் பெற்றோர் தடவ வேண்டாம்.